அரையடி இறங்கிய மேடை

எங்கள் வீட்டில் சமைப்பது நான்தான். கல்யாணமான நாளிலிருந்தே அப்படி. மனைவிக்குக் கோயமுத்தூரில் வங்கி வேலை. எனக்குக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. தேங்காய் தானாக விழும், சோறு தானாக வேகாதே.

குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் அடுப்பு மேடை என் தொடையளவுதான். ஆறடி உடம்பை மடக்கி மடக்கிக் கதிர் அரிவாள் மாதிரி ஆகிவிட்டேன். அதனால் சொந்த வீடு கட்டும்போது அடுப்படியை மட்டும் என் இஷ்டத்துக்கு விடச் சொன்னேன். ஜன்னலுக்கு நேராக அடுப்பு வேண்டாம், மலைக் கணவாய்க் காற்று வந்து அணைத்துவிடும். கொதிக்கிற கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது, அடுப்புக்குப் பக்கத்திலேயே பாத்திரத் தொட்டி. சிலிண்டர் சுவருக்கு வெளியே. மேடை என் இடுப்புக்கு. சுவரை ஒட்டி நின்று காட்டினேன். மேஸ்திரி சாக்பீஸால் கோடு போட்டார்.

"செஞ்சுபோடலாமுங்க."

தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் கல் பதித்துவிட்டார்கள். எல்லாம் சொன்னபடியே. மேடை மட்டும் அரையடி கீழே. சாக்பீஸ் கோடு மேலே அநாதையாக இருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, இதென்னங்க?"

"ஊட்டுக்காரம்மா இறக்கச் சொன்னாங்க. சரீங்கன்னுட்டேன்."

"எங்கிட்டயுந்தான் சரீன்னீங்க?"

"உங்ககிட்ட மாட்டேன்னு சொல்ல முடியுங்களா?"

எங்கள் ஊர் மரியாதை ஆளை இப்படித்தான் கொல்லும்.

மனைவியிடம் கேட்டேன். "எங்கண்ணன் வந்து பார்த்தா, மாப்ள அளவுக்கு மேடை கட்டிருக்குதுன்னு சிரிக்க மாட்டாங்களா? உங்க மருவாதிக்குத்தானுங்க சொன்னேன்" என்றாள். சிரித்து வைத்தேன். அடி விழுந்தாலும் முதலில் சிரிப்புத்தான் வரும் எனக்கு, பிறவிக் கோளாறு.

புதுமனை புகுவிழாவுக்கு அவளோடு வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். மேடையைத் தடவிப் பார்த்தாள்.

"உங்க அளவுக்கே கட்டிருக்கீங்கக்கா! இனி அந்த அரிசிம்பருப்புச் சோறு இன்னும் ருசிக்கும். டப்பாவைத் திறந்தா எங்க ஆபீஸே உங்களச் சுத்தித்தான நிக்குது!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க குடுத்துவெச்சவருங்கண்ணா."

அந்த டப்பாவில் தினமும் கட்டிக் கொடுப்பது நான். மனைவி என்னைப் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்த கல்லை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேடைதான் இறங்கியது என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாக என் கைச் சோறே எனக்குத் தெரியாமல் கைமாறியிருக்கிறது.

"ஆமாங்க கண்ணு, போன சென்மத்துப் புண்ணியம்" என்றேன். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த வேலைநாள் காலையில் டப்பாவைக் கழுவித் துடைத்துக் காலியாக மேடைமேல் வைத்தேன்.

"ஏனுங்க, சாப்பாடு?"

"மேடை உனக்குச் சரியா இருக்குதல்ல அம்மணி?"

சொல்லிவிட்டு ராஜா மாதிரி தோப்புக்கு நடந்தேன். கொஞ்ச நேரத்தில் பசித்தது. வீராப்பில் நானும் சாப்பிடாமல் வந்திருந்தேன்.