புளிக்காத மாவு

ஒன்பதாவதோடு படிப்பை விட்டேன். அதற்குப் பிறகு எந்த இடத்திலும் நிலையாக இருந்ததில்லை. அதிராம்பட்டினத்தில் மீன் காயவைத்தேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். கும்பகோணத்தில் ஒரு மாவுக்கடையில் கிரைண்டர் ஓட்டினேன். சலித்துப்போனால் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். கல்யாணமாகி குத்தாலம் பக்கம் வந்தபோது, "இது இங்க தங்குமா?" என்று என் காதுபடவே கேட்டார்கள்.

அதனால் பிள்ளை பிறந்த பிறகு நான் வாசலையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் தையல் சீழ் பிடித்தது. திரும்பவும் ஆஸ்பத்திரி, திரும்பவும் ஊசி, பாட்டில் பாட்டிலாக மருந்து. புண் ஆறியது, வயிறு கெட்டது. ஒரு நாள் பிடுங்கிக்கொண்டு போகும், மறுநாள் கல்லாக இறுகும். பசி என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் போனது. குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் அழுவதுபோலக் கேட்கும். எடுப்பேன், பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், கிடத்துவேன். கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பது மாதிரி, வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வீட்டுக்காரர் அறுவடை மெஷின் ஓட்டுபவர். தை மாதம், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்திருந்தார். அவரை நான் அண்ணி என்பேன். தன் வீட்டையும் மாட்டையும் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தவர். அதை நான் மறக்கவில்லை. ஆனால் பத்தியம் என்றால் அவருக்குப் பத்தியம்தான். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கருவாடு, லேகிய உருண்டை. தயிர், மோர், பழைய சோறு எதையும் கண்ணில் காட்டமாட்டார். பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார். நான் சாப்பிடாமல் தட்டை நகர்த்தினால் அடுத்த வேளை மிளகு கூடும்.

"ஊர்சுத்துன காலு. உள்ளே போட்டு அடைச்சா மூஞ்சி இப்படித்தான் தொங்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

தினமும் வீட்டுக்காரர் அவருக்குத்தான் போன் செய்வார். முதல் கேள்வி ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும்.

"இருக்காளா?"

"இருக்கா, இருக்கா."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் ஒரு இடத்தை விட்டுப் போகும்போது அடுத்த இடம் என்னை இழுக்கும். புது ஊர், புது டீக்கடை, புது முகங்கள். இப்போது எதுவும் இழுக்கவில்லை. போக வேண்டும் என்பது மட்டும் இருந்தது. இது என் கால் அல்ல என்று எனக்குப் பட்டது. இப்படியே விட்டால் ஒரு நாள் நான் போய்விடுவேன், பிள்ளை இங்கே கிடக்கும். அது நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆசையால் எடுத்த முடிவு இல்லை. அப்போது ஆசை எதுவுமே வரவில்லை. வெறும் முடிவு.

மாவுக்கடையில் ஒருமுறை கரப்பான் தொல்லை என்று முதலாளி டிரம்களையெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வைத்தார். சரியாக அலசவில்லை. அதன் பிறகு அரைத்த மாவு பொங்கவே இல்லை. "என்னங்க, வெள்ளையடிக்கவா குடுத்தீங்க?" என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாவுக்குள் உயிர் இருக்கிறது, அதைக் கொன்றால் அது வெறும் அரிசித் தண்ணீர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அத்தனை மருந்தும் போய் என் வயிற்றிலும் அப்படித்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றியது.

குழந்தைக்குத் தடுப்பூசி பற்றிச் சொல்ல வந்த நர்ஸம்மாவிடம் இதையும் மற்றதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வயித்துக் கிருமிக்கும் மனசுக்கும் தொடர்பு இருக்குன்னு இப்ப சொல்றாங்க. அது எப்படியோ, நீ சொல்ற மத்ததெல்லாம் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு மாதிரி இருக்கு. மயிலாடுதுறை ஆஸ்பத்திரில மனநல டாக்டரம்மா இருக்காங்க. தள்ளிப் போடாதே."

போகட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்கிட்டயா? பச்ச உடம்பு, பச்சப் பிள்ளை. வாசப்படி தாண்டக் கூடாது" என்றார்.

மறுநாள் காலை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ் வந்து நிற்கும் நேரம், அண்ணி செருப்பில்லாமல் நெல்லை மிதித்துக்கொண்டு ஓடி வந்து பையைப் பிடித்தார்.

"போறதுன்னா போ. எங்க பிள்ளையக் குடுத்துட்டுப் போ!"

"திரும்பி வரத்தான் போறேன் அண்ணி. நம்பிக்கை இல்லன்னா நீங்களும் ஏறுங்க."

"ஏறமாட்டேன்னு நெனச்சியா?" ஏறிவிட்டார். "எனக்கும் சேத்து நீயே டிக்கெட் எடு."

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீதாங்க" என்றார் கண்டக்டர். சண்டை போட அதுவும் இல்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரி வரிசையில் குழந்தை நனைத்துவிட்டது. அண்ணி என் பையைத் திறந்து துணி தேடினார். அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினார். எல்லாமே குழந்தைத் துணி. என் சேலை ஒன்றுகூட இல்லை. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் துணியை மாற்றினார்.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். எல்லாவற்றையும் கேட்டார். பிள்ளையை ஏதாவது செய்யத் தோன்றுகிறதா என்றும் கேட்டார்.

"இல்லைங்க. என்னையே எங்கயாவது எறக்கி வச்சுட்டுப் போயிடணும்போல இருக்கு."

பக்கத்தில் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மாவுக் கதையையும் சொன்னேன். "கொஞ்சம் விஷயம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா வயிறு மாவு டிரம் இல்ல. பழைய மாவு ஒரு கரண்டி போட்டா சரியாயிடும்னு சொல்ற அளவுக்கு யாருக்கும் இன்னும் தெரியாது. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கு வந்திருக்கறது நோய். அதுக்கு மாத்திரை இருக்கு, பால் குடுத்துக்கிட்டே சாப்பிடலாம். தயிர் மருந்து இல்ல. ஆனா வேண்டாம்னு ஒதுக்கவும் வேண்டாம். வயித்துக்குள்ள நல்ல கிருமிங்க நெறைய இருக்கு."

"வயித்துல பூச்சியா?" என்றார் அண்ணி. "வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்தா செத்துடும்."

"சாகக் கூடாதும்மா. அதெல்லாம் இருக்கணும்."

"பூச்சிய வளக்கச் சொல்ற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்!"

பஸ்ஸில் திரும்பும்போது குழந்தையை அண்ணியே மடியில் வைத்துக்கொண்டார். "எறக்கி வைக்கணும்னா எங்கிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

மாத்திரை உடனே கேட்கவில்லை. வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியவில்லை. வேளை தவறாமல் விழுங்கினேன், சொன்ன நாளில் போய்க் காட்டினேன், சோற்றை வேலையாக நினைத்துத் தின்றேன். மதியம் ஒரு டம்ளர் தயிர் வந்தது. அதன் மேல் கறுப்பாக மிளகுத்தூள்.

"இது எதுக்கு அண்ணி?"

"டாக்டரம்மாவுக்குத் தயிர். எனக்கு மிளகு. குடி."

வயிறு முதலில் சரியானதா, மனசா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் காலையில் அடுப்படியில் புளித்த மாவு வாசம் வந்தது, பசித்தது. பிறகு ஒரு நாள் குழந்தை அழுதபோது, அழுகை எங்கள் வீட்டுக்குள் கேட்டது. இடையில் மோசமான நாட்களும் வந்தன. மாத்திரையை நிறுத்தவில்லை.

அறுவடை முடிகிற சமயம் போன் வந்தது. நான் தயிர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இருக்காளா?"

"இருக்கா" என்றார் அண்ணி. "மிளகு போடாம குடுன்னு காலையிலேருந்து எங்கூட மல்லுக்கு நிக்கிறா."