கதவைத் திறந்தால் கடல்

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை. பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. நானும் அதன் பின்னால் ஓடவில்லை. சாவி கொடுக்கவும், சாவி வாங்கவும், நடுவில் கொஞ்சம் சிரிக்கவும் படிப்பு எதற்கு?

அறை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் மாதிரி ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். ஸ்டாண்டுக்கு எவ்வளவு தூரம்? விடியற்காலையில் சுடுதண்ணீர் வருமா? ஒரு ரூமில் எத்தனை பேரைப் படுக்க விடுவாய்? ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் கேட்டதில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, குளித்துவிட்டு, மலைக்கு ஓடுகிறவனுக்கு ஜன்னல் எதற்கு? எங்கள் லாட்ஜில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் ஜன்னல் தெரியும். அதுவும் சாத்தியிருக்கும்.

ரூமிலிருந்து எதையாவது பார்க்க வேண்டும் என்று என்னிடம் முதலில் சொன்னவள் என் பெண்டாட்டிதான். அப்போது அவள் பெண்டாட்டி ஆகவில்லை. அம்மாவின் தம்பி மகள். வீடு நகரியில். அவர்கள் வாசலில் நின்று கையை நீட்டினால் எதிரே பவர்லூம் கொட்டகையின் சுவர் இடிக்கும். பிறந்ததிலிருந்து அவள் கதவைத் திறந்தால் அந்தச் சுவர். சாத்தினால் தறிச் சத்தம்.

நிச்சயதார்த்தத்தன்று சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் புதுச் சட்டை போட்ட தெம்பில் கேட்டேன்.

"உனுக்கு இன்னா வேணுமோ கேளும்மே. நகையத் தவிர."

"கதவத் தொறந்தா கடல் தெரியணும். அந்த மாதிரி ஒரு ரூமுல நாலு நாள் இருக்கணும். அவ்ளோதான்."

அவளுடைய அக்கா குறுக்கே விழுந்தாள். கல்யாணம் ஆனதும் அவளை மலை வாசஸ்தலத்துக்குக் கூட்டிப்போன புருஷன், வேன் நிறுத்தும் இடத்தைப் பார்த்த மாதிரி ரூம் எடுத்திருந்தான். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"லாட்ஜுக்காரங்கிட்ட போயி கடலக் கேக்கறியே! டார்மெட்டரில ஒரு பாயப் போட்டு, தலைக்கி ஒரு வாளி வெப்பான். படுத்துக்கோ."

"அந்தமானுக்கே இட்டுக்கினு போறேன், பாருங்க. கதவத் தொறந்தா கடலு மூஞ்சில அடிக்கும்."

"அங்க போயி போன்ல இவள காட்டச் சொல்லு, பாக்கலாம். நானும் இங்கதான கீறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பி உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் அந்தமானுக்கு டிக்கெட் எவ்வளவு என்று போனில் தேடினேன்.

ரூம் தேடும் வேலை எங்கள் வீட்டில் ஒரு மாதம் நடந்தது. மணமகன் நான்தான், ஆனால் போனில் ரூம் படங்களைப் பார்த்தது தெருவே. அம்மாவுக்குக் குடிசை மாதிரி இருக்கிற ரூம் பிடிக்கவில்லை. "நம்ம ஓலை வூட்ட இடிச்சிட்டு இப்பதான் மச்சி வூடு கட்டனோம். துட்டு குடுத்து மறுபடி ஓலைல படுக்கணுமா?" என்றாள். நைனா லாரி டிரைவர். மாங்காய் சீசனில் சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு லோடு அடிப்பவர். அவர் போனைப் பார்க்கவே இல்லை.

"ஊரு தெரியாத எடத்துல ஸ்டாண்ட ஒட்டியே ரூமு எடுக்கணும்டா."

"நைனா, அங்க கப்பலு. பஸ்ஸு இல்ல."

"கப்பலு வந்து நிக்கற எடம் ஒண்ணு கீதா இல்லியா? அத்த ஒட்டி எடு."

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் போனை எடுத்ததும் என் வாயிலிருந்து வந்தது நைனா பேச்சுதான். அந்தமானில் ஹேவ்லாக் தீவில் ஒரு லாட்ஜ். எனக்குத் தெரிந்த இந்தியில், கப்பல் நிற்கிற ஜெட்டிக்கு எவ்வளவு தூரம் என்றேன். அங்கே இருமினால் இங்கே கேட்கும் என்றான் லாட்ஜ்காரன். சுடுதண்ணீர்? வேண்டுமென்றால் காய்ச்சித் தருகிறேன் என்றான். எத்தனை பேர் படுக்கலாம் என்றுகூடக் கேட்டுவிட்டேன். புதுசாகக் கல்யாணம் ஆனவன் கேட்கிற கேள்வியா அது! தீவு என்றால் சுற்றிலும் கடல், எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் தெரிந்துதானே ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

கல்யாணம் முடிந்து, மலையேறிக் கும்பிட்டு, சென்னையில் விமானம் பிடித்து, போர்ட் பிளேரில் கப்பல் மாறி ஹேவ்லாக்கில் இறங்கினோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேர்ப்பதற்குள் லாட்ஜ் வந்துவிட்டது. உள்ளே போனதும் அவள் நேராக ஜன்னலுக்குப் போனாள். திறந்தாள். எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதன் மேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குக் கீழே யாரோ கருவாடு காயப்போட்டிருந்தார்கள்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமா, இது நம்ம லாட்ஜுதான? கப்பல்ல வெச்சி ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி திருப்பதிக்கே இட்டுக்கினு வந்துட்டியா?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் போன் அடித்தது. அக்காதான், வீடியோவில். இவள் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, தன் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டோம்க்கா. கடலு இங்கியேதான் கீது. சத்தம் கேக்குதுல்ல?"

கேட்டது மேலே சுற்றிய ஃபேன். பழைய ஃபேன், நிஜமாகவே அலை மாதிரிதான் இரைந்தது.

"எங்க, திருப்பிக் காட்டு" என்றாள் அக்கா.

"நெட்ஒர்க்கு வந்து வந்து போவுதுக்கா. நாளைக்கிக் காட்றேன்" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு எப்போதும் நாக்கு நுனியில் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்றைக்குக் கேள்விதான் வந்தது.

"எதுக்கு பொய்யி சொன்னம்மே?"

"அவ சிரிச்சா உன்னப் பாத்து மட்டுமா சிரிப்பா? சொம்மா நிக்காத. நாளைக்கி வேற ரூமு பாரு. கடலு இருக்கற எடத்துல."

மறுநாள் காலையில் ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்தோம். அந்தத் தீவில் ஊர்களுக்கு நம்பரையும் பேராக வைத்திருந்தார்கள். முதலில் மேற்கே, ஏழாம் நம்பர். அங்கேதான் தீவின் பெரிய மணல். எங்கள் பக்கத்து வடமாலபேட்டையிலிருந்து புத்தூர் வரைக்கும் விளைகிற நெல்லைக் காயப்போடலாம், அத்தனை அகலம், அத்தனை வெள்ளை. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆனால் நாங்கள் கேட்ட ரூம்கள் எல்லாம் காட்டுக்குள் இருந்தன. கதவைத் திறந்தால் மரம். "மரம் நம்ம ஊர்லயே கீது" என்று ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள்.

அடுத்தது கிழக்குக் கரை, ஐந்தாம் நம்பர். முதலில் ஒரு பெரிய ரிசார்ட். வாசலில் சலாம் வைத்தார்கள். ரூமைத் திறந்து காட்டினார்கள். எதிரே நீலக் கலரில் நீச்சல் தொட்டி. கடல் அதற்கும் பின்னால், சாப்பிடும் கூடத்துக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்தது.

"அவ்ளோ பெரிய கடல முதுகுக்குப் பின்னால வெச்சிக்கினு தொட்டி கட்டிக் கீறானுங்களே. உன் சொந்தக்காரங்களா மாமா?"

அதற்கும் தள்ளி ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள் மூங்கில் குடிசைகள். நடத்துகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தெலுங்கில், "ஏ ஊரம்மா மீதி?" என்று எங்கள் ஊரைக் கேட்டார். அவருடைய அப்பா அம்மா ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்து தங்கிவிட்டவர்களாம். திருப்பதி என்றதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊர்க்காரன் வெளியூர் கிளம்பும்போது சோப்பை மறந்தாலும் மறப்பான், பையில் லட்டு இருக்கும். அம்மா வைத்த லட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் ரூம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பின்வரிசையில் ஒன்றைக் காட்டினார். என் பெண்டாட்டி அதைப் பார்க்கவில்லை. முன்னால், மணலை ஒட்டி ஒரே ஒரு குடிசை தனியாக நின்றது. அதன் படிக்கட்டுக்குக் கீழேயே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"அது?"

"அதி ஒத்தம்மா, வேணாம். உப்புக் காத்துல தாழ்ப்பாள் துருப்பிடிச்சிப் போயிந்தி. கதவு சாத்தாது."

"சாத்தாதா? அப்ப அதேதான் வேணும்."

கதவைக் கட்டிவைக்க அந்த அம்மா ஒரு நைலான் கயிறு கொடுத்தார். பெட்டியை இங்கே மாற்றிவிட்டு, ஏழாம் நம்பர் மணலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கப் போனோம். அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. திரும்பி வந்து படுத்தவள், கடலே எழுப்பும் என்று அலாரம்கூட வைக்கவில்லை.

விடியும்போது என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா, எழுந்துரு. கடலக் காணோம்."

கயிற்றை அவிழ்த்துக் கதவைத் தள்ளி வைத்திருந்தாள். வெளியே கடல் இல்லை. பாறையும் சேறும் கண்ணுக்கெட்டின வரை. நேற்று மிதந்த படகு ஒன்று, சாராயம் குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடு.

நான் ஓடிப்போய் அந்த அம்மாவை எழுப்பினேன். "தினமும் இப்டிதான் பாபூ, போவும் வரும். வஸ்துந்தி லே" என்றார், கண்ணைத் திறக்காமல். வந்துவிடுமாம். எப்போது என்று கேட்டேன். வெயில் ஏறட்டும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வா, அதோ தெரியுதே, அங்க வரைக்கும் நடந்து போயி பாத்துட்டு வரலாம்" என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நானு அத்தப் பாக்கப் போவணும்னா பஸ் ஏறி மெட்ராசுக்கே போயிருப்பேன். அதுதான் என்னப் பாக்க வரணும். வரட்டும்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தத் தீவில் பார்க்க என்னென்னவோ இருந்தன. எல்லோரும் ஸ்கூட்டரில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் படியை விட்டு நகரவில்லை. அந்த அம்மா பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார்; அங்கேயே தின்றோம். சின்ன வயதில் நான் அவள் ஜடையைத் தறிக் கொட்டகைக் கம்பியில் கட்டிவைத்ததை அவள் இன்னும் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தக் கம்பி என்றுகூடச் சொன்னாள். அவள் நைனாவுக்கு என்னைப் பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "புடிக்காதுதான்" என்றாள். "எனக்குப் புடிக்கும்னு சொன்னேன். சரே, அவ்ளோதானேன்னுட்டாரு."

இப்போது எங்கள் வாடகை வீட்டுக் கதவைத் திறந்தால் வீட்டுக்காரர் ஸ்கூட்டர்தான் தெரிகிறது. எங்கள் பாப்பா அதன்மேல் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்குகிறாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலைப் பொழுது முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து எத்தனையோ நாளாகிறது. கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் எனக்கு ஏழாம் நம்பர் மணலோ, கப்பலோ ஞாபகம் வருவதில்லை. கடல் இல்லாத அந்தப் படிதான் வருகிறது.

அன்றைக்கு வெயில் ஏறியதும், முதலில் பாறைகளுக்கு நடுவில் பளபளவென்று ஏதோ ஊர்ந்தது. வெயில் என்று நினைத்தேன். அப்புறம் நண்டுகள் மேலே ஏறி வரத் தொடங்கின. சாய்ந்து கிடந்த படகு அசைந்தது, தயங்கியது, மெதுவாக நிமிர்ந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஓடி வரவில்லை. ஒவ்வொரு கல்லாக விசாரித்துக்கொண்டு வந்தது. மணல் நனைந்தது. தென்னை வேர் நனைந்தது. கடைசியில் கீழ்ப் படியில் வந்து தட்டியது.

அவள் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி, நெட்ஒர்க்கு வந்துச்சா?" அக்காவின் குரலில் அந்தச் சிரிப்பு இருந்தது.

"பாருக்கா" என்று இவள் போனைக் கடல் பக்கம் திருப்பினாள்.

அக்கா வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே நெட்ஒர்க் போய்விட்டது.

"பாத்தாளா இல்லியா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்."

"மறுபடி போடு. இல்லன்னா ஊருக்குப் போனதும் என்ன உரிச்சிடுவா."

அவள் போனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே படுக்கையில் எறிந்தாள். கையை முழங்காலில் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"தள்ளி ஒக்காரு மாமா. மறைக்கற."