பெட்டிக்குள் வைத்த போன்

செத்துப்போன என் சிநேகிதன் குழிக்குள் இருந்தபடியே எங்கள் போன் குழுவில் ஓட்டுப் போடுகிறான் என்று நான் நம்பினேன். ஹட்டனில் கடை வைத்திருப்பவன், தலை நரைத்தவன், பேய்க்கதை சொல்லி அடுத்தவனைப் பயமுறுத்துவதில் பெயரெடுத்தவன் நான். என் வாய்க்கு இது வேண்டியதுதான்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் போனைப் பெட்டிக்குள் வைத்ததே நான்தான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செத்தவர்கள் ஆசையாக வைத்திருந்ததைக் கூடவே அனுப்பிவிடுவோம்: வெற்றிலைப் பை, சுருட்டு, சிலருக்குச் சீட்டுக்கட்டு. இவன் கொழுந்து லொறி ஓட்டியவன். லொறி நின்றால் போனும் கையுமாக இருப்பான். பெட்டியை மூடுமுன் போனை அவன் சட்டைப்பையில் செருகி, "போயி சேந்ததும் மிஸ்கால் குடுடா" என்றேன். அழுகிற நேரத்தில் எனக்கு அப்படித்தான் வாய் வரும்.

கருமாதி முடிந்ததும், கூடப் படித்தவர்கள் அவன் பெயரில் நல்லது ஏதாவது செய்வதற்குக் காசு போட்டார்கள். திட்டம் போடும் பொறுப்பு என் தலையில். குழுவில் ஓட்டெடுப்பு வைத்தேன்: ரோட்டு முனையில் அவன் பெயர்க்கல் பதித்த பஸ் தரிப்பிடம், கோயிலுக்கு மணி, வருஷா வருஷம் அன்னதானம்.

மறுநாள் பொழுது சாய்கையில் பஸ் தரிப்பிடத்துக்கு அவன் ஓட்டு விழுந்தது. அவன் பெயர். லொறிக் கதவில் சாய்ந்து பல்லைக் காட்டும் அவன் படம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டு மணிக்குத் தாவியது, பிறகு அன்னதானத்துக்கு, பிறகு எதிலுமே இல்லை. கடைசியில் 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வந்து, வெகுநேரம் நின்று, ஒன்றும் எழுதாமல் அணைந்தது.

அன்றிலிருந்து மாலையானால் அதே கதை. உயிரோடு இருந்தபோது நாங்கள் எதைச் சொன்னாலும், "இதுனால யாருக்குடா பிரயோசனம்?" என்று மறிப்பவன் அவன். அந்தக் கேள்வியைத்தான் எழுதப் பார்க்கிறான் என்று எனக்குள் ஊர்ஜிதமாகிவிட்டது. கடைக் கதவைச் சாத்துமுன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

டுபாயில் இருக்கும் கூட்டாளி எனக்குப் போன் எடுத்தான். "மச்சான், அவன் ஓட்ட எண்ணுறதா, விடுறதா?"

"உசுரோட இருந்தப்பவே நாம அத எண்ணலியேடா."

சிரித்தோம். இரண்டு பேர் குரலும் சரியாக இல்லை.

அவன் வீட்டில் கேட்டிருக்கலாம். ஆனால் புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவளிடம், "தங்கச்சி, உன் வீட்டுக்காரன் ஓட்டுப் போடுறான்" என்று எந்த வாயால் சொல்வது? அதனால் அவனையே கேட்டுவிடலாம் என்று, ஒரு பீடிக்கட்டும் கால் போத்தல் சாராயமும் தின்ன மீன் பனிசும் வாங்கிக்கொண்டு, எங்கள் தோட்டம் இருக்கும் பொகவந்தலாவைக்கு பஸ் ஏறினேன்.

புதைகுழி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில். அதற்கும் மேலே ஒரு பெரிய கல். நான் போய்ச் சேர்வதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. பண்டங்களைப் பரப்பி வைத்து, "எதுதாண்டா வேணும்? சொல்லித் தொலை" என்றேன். சோதித்துப் பார்ப்போமே என்று குழுவில் 'இருக்கியா?' என்று எழுதி அனுப்பினேன்.

பனிக்குள் எங்கோ 'டிங்' என்றது.

இன்னொன்று அனுப்பினேன். 'டிங்.' இந்த முறை கிட்டத்தில்.

ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். ஓடவில்லை, தேயிலைக்குள் விழுந்தேன். முருகனைக் கூப்பிட்டு, முனியாண்டியைக் கூப்பிட்டு, கடைசியில் மாதாவையும் விட்டுவைக்கவில்லை.

"மாமா, கத்தாதீங்க. நான்தான்."

அவனுடைய மகள். அவனுடைய பழைய ஜெர்சியைப் போட்டிருந்தாள்.

"போன நான் பெட்டியில வச்சேனேம்மா!"

"வச்சீங்க. அதுக்கு முன்னாடியே நான் சிம்ம கழட்டிட்டேன். ஸ்கூல்ல குடுத்திருக்கது அப்பா நம்பர்தானே. அம்மா போன்ல போட்டிருக்கேன். லயத்துல சிக்னல் இல்ல மாமா, இந்தக் கல்லுக்கு வந்தாத்தான் புடிக்கும்."

"அப்ப அவன் சிம்மே இல்லாமயா போயிருக்கான்?"

சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"தெனமும் என்னாம்மா எழுதி எழுதி அழிக்கிற?"

விஷயத்தைச் சொன்னாள். சாதாரண தரப் பரீட்சை நல்லபடியாகப் பாஸ். அடுத்து உயர்தரம் படிக்க ஹட்டனுக்குப் போக வேண்டும். அம்மா கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் அது முடியாது. கொழும்புக் கடை வேலைக்கு ஆள் கூட்டிப்போகிறவர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஓட்ட மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன், எதுவுமே எனக்கு ஒத்துவரல. அப்பா பேர்ல செய்யிறதுன்னா என்னைய படிக்க வைக்க முடியுமான்னு கேக்க நெனச்சேன். ஆனா எழுதுனா அப்பா படத்தோடதான் போவுது. அவரே கையேந்துற மாதிரி இருந்திச்சு. அதான் அழிச்சிட்டேன்."

அன்றைக்கே குழுவில் எழுதினேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் லயத்தில் பேச்சு வரும் என்றார் ஒருவர். தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். முதல் காசே நிர்வாகியின் சிநேகிதன் மகளுக்கா என்றார் மூன்றாமவர். எல்லாம் நியாயம்தான். அந்த மூன்றாவது நியாயத்தில் எனக்குப் புதுப் பயம் பிடித்தது, என் நேர்மையை யாரும் சந்தேகித்துவிடக் கூடாதே என்று. விதிமுறை எழுத ஒரு உபகுழு அமைத்தேன். தலைவர் நானே. பேய் என்று நினைத்தபோது சாராயத்தோடு பஸ் ஏறியவன், உயிரோடிருக்கும் பிள்ளை என்று தெரிந்ததும் கூட்டம் போட்டேன்.

"கொஞ்சம் பொறும்மா, நடந்துகிட்டிருக்கு" என்று போனில் சொல்வேன்.

"சரிங்க மாமா" என்பாள். வேறொன்றும் கேட்கமாட்டாள். இரவில் எனக்குக் கேட்பது அந்தச் 'சரிங்க மாமா'தான்.

விதிமுறைகள் ஏகமனதாக நிறைவேறியபோது உயர்தர வகுப்புகள் தொடங்கி வெகுநாளாகியிருந்தன. அவளை அம்மா ஹட்டனில் கொழும்பு ரயிலேற்றிவிட்டிருந்தாள்.

திட்டம் இப்போது நன்றாகவே நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதில் படிக்கிறார்கள். அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள்.