ராமருக்குக் கூடிய எடை

நத்தம் பக்கத்துத் தோப்புகளில் இருபத்திரண்டு வருடமாகத் தேங்காய் வெட்டி வந்தவர் ராமர். காலில் தளைக்கயிற்றை மாட்டினால் ஒரு நாளைக்கு நாற்பது மரம் சாதாரணமாக ஏறி இறங்குவார். ஒட்டிய உடம்பு. அறுபத்தொரு கிலோவைத் தாண்டியதில்லை.

மழை பொய்த்த ஒரு வருடம் காய்ப்புக் குறைந்தது. காலையில் மட்டும் மரம் ஏறிவிட்டு மதியத்துக்கு மேல் சும்மா இருக்க முடியாமல், திண்டுக்கல்லுக்கு வெளியே நைனா முகமது நடத்திய கொப்பரைக் குடோனில் சேர்ந்தார். காய்ந்த தேங்காய்ப் பருப்பை மூட்டை பிடிக்க வேண்டும். அடுக்கில் கிடக்கும் பழைய மூட்டைகளைப் பிரித்துக் கொட்டிப் புரட்ட வேண்டும். நிழலில் செய்யும் வேலை. அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் முன்னங்கையில் அரிப்பு தொடங்கியது. பொடிப் பொடியாகச் சிவந்து, விலாவுக்கும் கழுத்துக்கும் ஏறியது. சொறிந்த இடம் தடித்து நீர் கசிந்தது. மரத்தில் ஏறி வேர்வை பட்டால் மிளகாய் தேய்த்தது போல் எரிந்தது. மனைவி பழனியம்மாள் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பார்த்தாள். எதற்கும் அடங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மருந்துக்கடையில் கையை நீட்டிக் காட்டினார். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. சின்ன வெள்ளை மாத்திரை பத்து கிள்ளிக் கொடுத்தார். இரண்டாம் நாளே அரிப்பு நின்றது. மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வந்தது. ராமரும் திரும்பக் கடைக்குப் போனார். இப்படியே பத்து மாதம் ஓடியது.

அரிப்பு போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது. காலையில் சாப்பிட்டு முடித்துத் தோப்புக்குப் போய்ச் சேருவதற்குள் மறுபடி வயிறு கேட்டது. மதியம் சட்டியில் குழம்பும் வெஞ்சனமும் மிஞ்சுவதில்லை.

“இப்பத்தான் மொகத்துல ஒரு களை வந்திருக்கு” என்று பழனியம்மாள் சந்தோஷப்பட்டாள்.

முகம் வட்டமாக உப்பியது. பிடரியில் திமில் மாதிரி சதை திரண்டது. வயிறு முன்னே தள்ளியது. கையும் காலும் மட்டும் மெலிந்துகொண்டே போயின. அதை ராமர் மட்டும் கவனித்தார்.

ஒரு நாள் மூட்டை எடை போடும் மேடையில் நைனா முகமது அவரை ஏறி நிற்கச் சொன்னார். எண்பத்து மூன்று காட்டியது.

“எங் கொப்பரையத் திங்கிறியா ராமரு?”

“இல்ல பாய், ஒண்ணும் தொடுறதில்ல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராமரும் சிரித்துவைத்தார்.

இருபது மரத்துக்கே மூச்சு வாங்கியது. தோப்புக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அதனால் முழு நாளும் குடோனிலேயே நின்றார். அரிப்பு கூடியது. மாத்திரை ஒன்று இரண்டானது. இந்தச் சுற்று எங்கே தொடங்கியது என்று அவர் யோசிக்கவில்லை.

பிறகு மருந்துக்கடை கை மாறியது. புது ஆள் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மறுத்தார். மாத்திரை திடீரென்று நின்றது. நாலாம் நாள் அழகுராஜா என்ற பழைய தோப்புக்காரர், வெட்டுகிற ஆள் வரவில்லை என்று, பத்து மரம் மட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். ராமர் மறுக்கவில்லை. பழனியம்மாளும் காய் பொறுக்கக் கூடப் போனாள்.

மூன்றாவது மரத்தில் பாதி உயரம் போனதும் கால் துவண்டது. கண் மங்கியது. கை பிடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

“ஏங்க, என்னாச்சு?” கீழேயிருந்து பழனியம்மாள் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. செத்த நேரம் பேசாம இரு.”

கால் மணி நேரம் அவள் மரத்தடியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ராமர் நெஞ்சு மரத்தில் உரச அங்குலம் அங்குலமாக இறங்கினார். தரையில் கால் பட்டதும் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மார்பில் தோல் உரிந்து ரத்தம் கோடு கோடாக நின்றது.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் பாட்டில் ஏற்றினார்கள். தோல் டாக்டர் பாஸிலா அவர் முகத்தையும் பிடரியையும் பார்த்துவிட்டு, சட்டையைத் தூக்கி வயிற்றில் ஓடிய ஊதா வரிகளையும் பார்த்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

“தேங்கா வெட்டு. இப்போ கொப்பரைக் குடோன்.”

“பழைய கொப்பரையில கண்ணுக்குத் தெரியாத உண்ணி மாதிரி பூச்சி இருக்கும். அதுதான் உங்களுக்கு ஒத்துக்கல. நீங்க தின்னது ஸ்டீராய்டு. அரிப்ப அமத்தும், பசியக் கிளப்பும், ஒடம்ப ஊத வைக்கும். பட்டுனு விட்டதாலதான் மரத்துல மயக்கம் வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். குடோனுக்குள்ள போகாதீங்க.”

“மரம் ஏறலாமாம்மா?”

“எலும்பு பலவீனமா இருக்கும். இப்போதைக்கு வேணாம்.”

நைனா முகமதுவிடம் போய் ராமர் அத்தனையும் சொன்னார். அவர் அடுக்கில் ஒரு பழைய மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்.

“எங்கிட்ட இருந்த எல்லாரும் சொறிஞ்சுக்கிட்டேதான் இருந்தாங்க ராமரு. நான் வேர்வைன்னு நெனச்சேன்.”

மறுநாளே ராமரை வெளிக் களத்தில் மட்டை உரிக்க மாற்றினார். சுவரில் இரண்டு ஜன்னல் வெட்டினார். பழைய மூட்டைகளை ஒதுக்கினார்.

மாத்திரை முழுக்க நிற்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் அரிப்பு இரண்டு தடவை திரும்பி வந்து போனது. உடம்பு இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு இல்லை, எழுபத்திரண்டில் நின்றுவிட்டது. ராமர் அதற்குமேல் மரம் ஏறவில்லை. தளைக்கயிற்றைக் கேட்டு வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு மதியம், குடோனில் கொப்பரை புரட்டும் ஜெய்தூன் பீவி மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். எலும்பும் தோலுமான உடம்பு. ராமர் உரிப்பதை நிறுத்தினார்.

“கடையில மாத்திரை கீத்திரை வாங்குனியா?”

“நேத்துத்தான் அண்ணே. நல்லாக் கேக்குது.”

“அதத் தின்னுதான் எனக்கு இம்புட்டு ஒடம்பு வந்துச்சு.”

ஜெய்தூன் பீவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்குக் கொஞ்சம் வந்தா நல்லதுதான் அண்ணே” என்றாள்.

ராமர் தோப்பில் நடந்ததை அவளிடம் சொல்லத் தொடங்கினார். அடுத்த செவ்வாய்க்கிழமை பழனியம்மாள் அவளை அதே தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.