அண்ணனின் புது வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு எங்கள் அண்ணனின் முகத்தைவிட அவருடைய சிவப்புக் கார் நன்றாகப் பழக்கம். தம்போய் வட்டாரத்தில் நல்லதோ கெட்டதோ, மண்டப வாசலில் அது நின்றால், "அண்ணன் வந்துட்டாரு, இனிமே பந்தி தன்னால ஓடும்" என்பீர்கள். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், உங்கள் அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டே தம்பி நான் எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கற்றதுதான் அதிகம். எழுத்தில் பேச்சு கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அப்பா அங்கே லோரி ஓட்டினார். அப்பா நோயில் படுத்ததும் அண்ணன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்த உழைப்பில் தங்கையை ஆசிரியராக்கினார். என்னையும் ஏதாவது ஒன்றாக்கப் பார்த்தார், நான் ஆகவில்லை. "இவன் வாயாலயே பொழச்சுக்குவான்" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அவர் வாக்கு பலித்தது.

அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியாரிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. முன்னால் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். நாங்கள் பின்னாலேயே ஓடி, "பழைய காரு, பழைய காரு" என்று கத்துவோம். உலகத்திலேயே அதைவிடக் கிழடு கிடையாது என்று நினைப்பு. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு அந்தக் காருக்கு இருந்த வயது, அண்ணனுடைய காருக்கு இன்றிருக்கும் வயதில் பாதிகூட இராது. நமக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் நமக்குப் பழசு. நம் கண்முன்னே மாலை போட்டு வீட்டுக்கு வந்தது எந்தக் காலத்திலும் புதுசு. கார் என்னவோ ஒரே வேகத்தில்தான் வயதாகிறது. நாம்தான் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறோம்.

தம்போய்க்கு வந்து தொழிற்சாலைப் பேருந்து ஓட்டிய காலத்தில், அண்ணன் முதலில் யாரோ ஓட்டி அலுத்த கார் ஒன்றை வாங்கினார். அது ஓடியதைவிட நாங்கள் தள்ளியதுதான் அதிகம். பிறகு இந்தச் சிவப்புக் காரைக் கடையிலிருந்தே புதிதாக எடுத்தார். சில மாதம் இரண்டும் வாசலில் நின்றன. பழைய வண்டி, புது வண்டி என்று பிரித்துச் சொல்லிப் பழகினோம். பழைய வண்டி விலைபோனது. புது வண்டி என்ற பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதன் பிறகு வீட்டுக்கு எத்தனையோ கார்கள் வந்தும், அவை "சித்தப்பா காரு", "கவிதா காரு" என்றுதான் ஆயின.

அண்ணனின் ஒரே மகள் கவிதா மருத்துவமனையிலிருந்து பிறந்த குழந்தையாக வீட்டுக்கு வந்தது புது வண்டியில்தான். அவள் கல்யாணத்துக்கும் தாமே அதை ஓட்டிப்போய் இறக்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. தமக்கென்று எதையும் கேட்டறியாத மனிதர் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அண்ணிக்கு அதில் மனமில்லை. "மாப்பிள்ளை வீட்டுல பெரிய வெள்ளைக் காரா எடுக்கிறாங்க. நம்ம பொண்ணு இந்தப் பழைய வண்டியிலயா போய் இறங்குவா?"

அண்ணன் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எது பழைய வண்டி? அதத்தான் அப்பவே வித்தாச்சே" என்றார்.

அந்த வாரமே குளுவாங்கிலிருந்து மாப்பிள்ளை வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அலமாக்! மாமா, இது கிளாசிக் லா! என் கூட்டாளிங்க பார்த்தா விடவே மாட்டாங்க. கல்யாணத்துக்கு இதையே எடுப்போம்."

காரியம் முடிந்தது என்று நான் மகிழ்ந்தேன். அண்ணன், "கிளாசிக்னா என்னங்க?" என்று கேட்டார்.

"பழைய காரு மாமா. ஆனா மதிப்பான பழசு."

அண்ணன் தேநீர் எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனார். அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பாத்தியாடா? உங்க அண்ணி பழசுன்னு வேணாங்கிறா. மாப்பிள்ளை பழசுன்னு வேணுங்கிறாரு. எம்பொண்ண புது வண்டியில கூட்டிட்டுப் போகணும்னுதான்டா நான் ஆசைப்பட்டேன்."

நான் வாயை வைத்துப் பிழைப்பவன். கவிதாவிடம் சொல்லாமல் இருப்பேனா?

அன்று சாப்பாட்டில் எல்லார் முன்னிலையிலும் அவள் சொன்னாள்: "அப்பா, எனக்கு வேற காரு பார்க்காதீங்க. நான் புது வண்டியிலதான் வருவேன்." மாப்பிள்ளை புரிந்துகொண்டு, "ஆமா மாமா, புது வண்டிதான்" என்றார். அண்ணி பெருமூச்சு விட்டு, "அப்போ சீட்டுக்கு உறையாச்சும் மாத்துங்க" என்றார். அண்ணி அப்படிச் சொன்னால் சம்மதம் என்று பொருள்.

கல்யாணத்தன்று காலை, கவிதா ஏற்பாடு செய்திருந்தபடி முதலில் கோயிலில் நிறுத்தினோம். குருக்கள் தட்டும் எலுமிச்சம்பழமுமாக வெளியே வந்து தெருவைப் பார்த்தார். "புது வண்டிக்குப் பூஜைன்னு சொன்னாங்க. வண்டி இன்னும் வரலையா?"

"இதோ நிக்குதே சாமி" என்றாள் கவிதா, பின்சீட்டில் பட்டுச்சேலையும் பூவுமாக.

குருக்கள் காரைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்திருந்த அண்ணனையும் பார்த்தார். சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். அண்ணன் பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை.

சில மாதங்களில் இதயம் பலவீனமாயிற்று. மருத்துவமனைக்கும் புது வண்டியில்தான் போனார். ஓட்டியது கவிதா. "கியர மெதுவா போடும்மா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம். வலியின்றி, தூக்கத்திலேயே விடைபெற்றார்.

கருமாதியன்று மண்டபத்தில் மைக்கில் சொன்னார்கள்: "வாசல்ல ஒரு பழைய சிவப்புக் காரு வழிய மறிச்சு நிக்குது. சாப்பாட்டு வேன் உள்ள வர முடியல. யாரோடதுன்னு பார்த்து எடுத்துடுங்க."

எங்கள் வீட்டார் ஒருவரும் அசையவில்லை. மறுபடி சொன்னார்கள். நான் அண்ணியிடம், "யாருன்னு தெரியல, காரியத்து வீட்டுல இப்படியா நிறுத்துவாங்க?" என்றேன். அண்ணியும், "கொஞ்சங்கூடப் பொறுப்பில்லாத ஆளுங்க தம்பி" என்றார். கவிதாவும் தலையாட்டினாள். சாவி அவள் மடியில் கிடந்தது.

மாப்பிள்ளை ஓடிவந்தார். "சின்ன மாமா, அது நம்ம மாமா காரு!"

கவிதா சாவியைப் பார்த்தாள். அப்பா போனதிலிருந்து சிரிக்காத பெண் சிரித்துவிட்டாள். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. "மைக்ல ஒழுங்கா சொல்லச் சொல்லுங்க சித்தப்பா. புது வண்டின்னு சொல்லியிருந்தா அப்பவே எடுத்திருப்பேன்ல!" என்று சொல்லிக்கொண்டே கவிதா எழுந்து போனாள்.

அண்ணனைக் கடைசி வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், துக்க நாட்களில் தங்கள் கார்களை நகர்த்தி எங்களுக்கு இடம் தந்த பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த கூட்டாளிகளுக்கும், சாப்பாட்டோடு வாசலில் பொறுமையாகக் காத்திருந்த வேன்காரத் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று இந்தச் சாப்பாட்டுக்கு வந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. புது வண்டி வெளியில்தான் நிற்கிறது. இந்த முறை வழி விட்டு நிறுத்தியிருக்கிறோம்.