முதல் முட்டைக்குக் காவல்

மஸ்தூரா அக்கா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படியைத்தான் பார்ப்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

மாலியோ பறவைகள் காட்டிலிருந்து இறங்கி எங்கள் கடற்கரையின் சூட்டு மணலில் முட்டை புதைக்கத் தொடங்கியதும் அவளைச் சந்தேகப் பேய் பிடித்துக்கொள்ளும். பருவத்தின் முதல் முட்டைகள் படகேறி எதிர்த்தீவு அரண்மனைக்குப் போய்ச் சேரும்வரை ஊரில் ஒருவரும் முட்டையை வாயில் வைக்கக் கூடாது. மீறித் தின்றவள் கர்ப்பிணி என்றால் சாபம் பிள்ளையோடு பிறக்கும் என்பார்கள். அந்த வீட்டு வாசலை மருத்துவச்சிகூட மிதிக்க மாட்டாள். மணலைக் காப்பதும், முட்டைக் கூடையைத் தலையில் சுமந்து படகில் ஏற்றுவதும் மஸ்தூராவின் உரிமை. புருஷன் போன பிறகு பதினோரு வருஷமாக ஊரில் அவளுக்கென்று இருந்த மரியாதை அந்தக் கூடை ஒன்றுதான்.

அதற்காக எங்களை அவள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மீன் பொரித்தால், "என்னடி, வாசனை வேற மாதிரி இருக்கே?" என்று வந்து நிற்பாள். குப்பையைக் குச்சியால் கிளறி ஓடு தேடுவாள். என் மேல் கண் இன்னும் அதிகம். அவள் வீட்டுக்கு வெளியே முட்டை தோண்டத் தெரிந்த ஒரே பெண் நான்தான்.

அந்த வருஷம் படகுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையிலேயே வந்து என் கையைப் பிடித்து மணலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாருடி. நல்லாப் பாரு."

மூன்று குழிகள். உடும்பை ஏமாற்ற மாலியோ ஒரு குழியில் முட்டையிட்டு, பக்கத்தில் வெற்றுக் குழிகள் பறித்துவைக்கும். ஆனால் இவற்றில் நகக் கீறலே இல்லை. யாரோ முட்டையை எடுத்துவிட்டு, பறவை மாதிரியே கையால் பறித்துவைத்திருக்கிறார்கள்.

"தொழில் தெரிஞ்ச கை. உன்னை விட்டா யாரு?"

"ஏன்க்கா, என் வீட்டுல வந்து மோந்து பாருங்களேன். உங்களுக்குத்தான் அது புதுசில்லையே!"

"வாய் மட்டும் நீளுது. நேத்து சாயங்காலம் எங்கடி போனே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிட வாயெடுத்தேன். அப்போதுதான் பெரிய குழியின் ஓரம் என் கண்ணில் பட்டது. தோண்டத் தெரிந்த நாங்கள் குப்புறப் படுத்துத்தான் தோள்வரை கையை விட்டு முட்டை எடுப்போம். மணலில் நெஞ்சும் வயிறும் பதிந்திருக்கும். இங்கே வயிறு பதியவில்லை. ஒருக்களித்துச் சாய்ந்த இடுப்பின் தடம் மட்டும் ஆழமாகக் கிடந்தது.

ஊரில் குப்புறப் படுக்க முடியாதவள் ஒருத்திதான். மஸ்தூராவின் மருமகள் நுர்லியா, ஏழு மாசம். இரண்டு பருவமாக மாமியாரோடு மணலுக்கு வந்து பழகியவள்.

என் கண் போன இடத்துக்கு மஸ்தூராவின் கண்ணும் போனது. அவள் அந்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே இப்படியும் அப்படியும் நகர்ந்து, அதை முழுக்க அழித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நேரே ஊர்ப் பெரியவர் யாகுபா வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நான்தான் தின்னேன், பெரியவரே. ஆசை அடங்கல."

நம்ப மாட்டார் என்று நினைத்தேன். உடனே நம்பினார். ஊரே நம்பியது. "நம்ம அடுப்பெல்லாம் மோந்தாளே, வயித்துல முட்டைய வச்சுக்கிட்டு!" என்று சிரித்தார்கள். "திருடிக்குத்தான் எல்லாரும் திருடியாத் தெரியும்" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். பிறர் மேல் சந்தேகப்பட்டே வாழ்ந்தவள், ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல் நின்றாள். நுர்லியா தலையைக் குனிந்துகொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

காவலும் கூடையும் என்னிடம் வந்தன. படகு போகும் நாளில் புதுச் சேலை கட்டி, தலையில் கூடையோடு நடந்தேன். எல்லோரும் வழிவிட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன்?

மஸ்தூராவுக்குப் பேரன் நல்லபடியாகப் பிறந்தான். நாற்பதாம் நாள் சாகோப் பனை மாவுப் பலகாரத்தோடு பார்க்கப் போயிருந்தேன். நுர்லியா கிணற்றடிக்குப் போன சமயம், மஸ்தூரா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பழைய பார்வையோடு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீயும் அந்தத் தடத்தப் பாத்தே. வெளிய சொல்லல."

"எப்படிக்கா சொல்லுவேன்? பாவம், புள்ளத்தாச்சி."

"அவளுக்காகவா வாய மூடிக்கிட்டே? இல்ல, கூடைக்காகவா?"

பலகாரத்தை வைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்றுவரை, பதினோரு வருஷமாக அவள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் என்னிடம் சூடாக ஒரு பதில் இருந்தது.