கை தாங்கும் சூடு

லேத்காரருக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க் கட்டு மாற்றுவது என் வேலை. ஆனால் அவருடைய கவலையெல்லாம் லேத்தின் பேரிங்கைப் பற்றித்தான்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. இருப்பது ஒரே ஒரு சின்ன லேத். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் தேய்ந்து, கடைகிற இரும்பில் வரிவரியாகக் கோடு விழுந்தது. அந்த அளவு பேரிங்கை இப்போது யாரும் செய்வதில்லை. மூன்று மாதம் அலைந்து, ஒரு பழைய கிடங்கிலிருந்து கடைசி ஜோடியை வரவழைத்தார். இதுவும் பாழானால் பட்டறைக்குப் பூட்டுதான்.

அன்று நான் போனபோது அதை மாட்டி ஓடவிட்டிருந்தார். தண்டின் பின்பக்க நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம். தளர்ந்தால் தண்டு ஆடும். இறுகினால் பேரிங் சூடேறிப் பாழாகும். தண்டைக் கையால் சுற்றி, விரலால் உணர்ந்து இறுக்குவார். அரைமணி ஓடிய பிறகு பேரிங் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணுவார். கை தாங்கினால் சரி.

"சிஸ்டரம்மா, இருபது வரைக்கும் எண்ணிட்டேன்," என்றார். மறுபடியும் கையை வைத்தார்.

"இது நாலாவது தடவை. பள்ளிக்கூடத்துல இப்படி எண்ணியிருந்தா பெரிய ஆபீசர் ஆயிருப்பாரு," என்றாள் மனைவி.

உட்காரச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்த கையைப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து, நடுவில் கொப்புளம்.

"இது எப்ப வந்தது?"

"எது?"

கால் மரத்தது எனக்குத் தெரியும். கையும் மரத்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"மெஷினை நிறுத்துங்க," என்றேன். சுவிட்சை அணைத்த மனைவி இரும்பைத் தொட்டுக் கையை உதறினாள்.

"அடுப்பா கொதிக்குது. எத்தனை நாளா மரத்துக் கிடக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"எங்கிட்ட சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"சொன்னா லேத்தை விடச் சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்தான்," என்றாள்.

இரும்பு ஆற ஒரு மணி நேரம் ஆனது. காலுக்கும் கைக்கும் கட்டுப் போட்டேன். "கிரீஸ் கருகின வாடை வருதா?" என்று மூன்று முறை கேட்டார். வரவில்லை என்று மூன்று முறையும் சொன்னேன்.

பிறகு நட்டை அவர் தளர்த்த, தண்டை அவள் சுற்றினாள்.

"எப்படி இருக்கு?"

"உங்க அக்காவை வீட்டுக்குக் கிளப்புற மாதிரி இருக்கு. நகரவே மாட்டேங்குது."

மயிரிழை தளர்த்தினார். "இப்ப?"

"இப்ப போகுது. ஆடலை."

மறுபடி அரைமணி ஓடவிட்டார்கள். அவள் உள்ளங்கையை வைத்து எண்ணினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வந்தது. ஆனாலும் முதல் சூட்டில் உள்ளே என்ன சேதமானதோ, ஓட ஓடத்தான் தெரியும்.

அடுத்த முறை போனபோது லேத் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து வந்து அவள் கையை வைத்தாள்.

"ஆறுலயே சுடுதுங்க."

அவர் கிட்டே வந்தார். அவளுடைய கையைத் திருப்பிப் பார்த்தார். "பாத்திரம் கழுவின கை, ஜில்லுனு இருக்கும்போல, அதான் கூடுதலா சுடுது. துடைச்சிட்டு, கொஞ்சம் பொறுத்து வை."

துடைத்தாள். காத்திருந்தாள். எண்ணினாள். பத்து வந்தது.

காலை நீட்டச் சொன்னேன்.